கடிகாரத்துக்கு எண்ணெய் போடும் நேரம்

வெள்ளிமலைத் தோட்டம், மடுல்சீமை
1929 ஜனவரி 6

அன்புள்ள தங்கை அன்னலட்சுமிக்கு,

சுகம் விசாரிப்பதற்கு முன்பாக ஒரு பெரிய செய்தியைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் துரை நெடிய யோசனைக்குப் பிறகு, கொழுந்தைத் தூளாக்கும் தேயிலை ஸ்டோரின் முகப்புச் சுவரில் ஒரு கடிகாரம் மாட்டுவது என்று தீர்மானித்திருக்கிறார். காலையில் பேர் எடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்றவர்களை இன்னும் கொஞ்சம் நேராக நிற்கச் சொல்லிவிட்டு, அவரே அதை அறிவித்தார். ஆணியை எந்த இடத்தில் அடிப்பது என்பதில் ஸ்டோரை நடத்தும் டீமேக்கருக்கும் தச்சருக்கும் கருத்து வேறுபாடு உண்டாயிற்று. துரை தம் கைத்தடியால் சுவரில் ஒரு புள்ளி வைத்து அதைத் தீர்த்தார். தோட்டம் திறந்த நாளிலிருந்து இப்படி ஒரு நாள் வந்ததில்லை என்று பெரிய கங்காணி சொன்னார். தோட்டம் திறந்தபோது அவர் பிறந்திருக்கவில்லை.

காரணம் இந்த வருஷம் நடைமுறைக்கு வந்திருக்கும் புதுச் சட்டம். ஒரு நாள் வேலை ஒன்பது மணி நேரம். அதற்கு மேல் வேலை வாங்கினால் மேல் நேரத்துக்குத் தனிக் கூலி. "சட்டத்துக்கு நேரம் வேணும், நேரத்துக்குக் கடிகாரம் வேணும்" என்றார் துரை. கடிகாரத்தின் சாவியை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். நான் கணக்கப்பிள்ளையான பிறகு துரை என்னை நம்பிக் கொடுத்த முதல் பொருள் இது.

வடிவு மதினி முன்போலவே ஸ்டோரில் தூள் சலிக்கிற அறையில் வேலை செய்கிறார். பெரிய அண்ணன் காலமான பிறகு யாரிடமும் எதுவும் கேட்பதில்லை என்று ஒரு பிடிவாதம். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து அறையிலேயே இருக்கிறார். என் வீட்டுக்கு வாருங்கள் என்றால் சிரிக்கிறார்.

நானும் புஷ்பமும் பிள்ளைகளும் குளிரைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். மாப்பிள்ளையின் இருமல் எப்படி என்று எழுது.

உன் அண்ணன்
சிவஞானம்


பதுளை
1929 ஜனவரி 20

மரியாதைக்குரிய அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. அவருடைய இருமல் கடையில் ஆள் இருக்கும்போது குறைகிறது, கடன்காரர் வந்தால் கூடுகிறது. மற்றபடி எல்லாரும் நலம். புஷ்பம் மதினிக்கு ஒரு சேலை எடுத்து வைத்திருக்கிறேன்.

அடுத்த கட்டிடத்துப் புரொக்டர் வக்கீல் ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் மொஹிதீன் நானா வெற்றிலை வாங்க வந்தார். உங்கள் தோட்டத்துக் கடிகாரத்தைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். "கடிகாரம் நல்லம் தங்கச்சி. சாவி ஆருட கையில?" என்று கேட்டார். எங்கள் அண்ணன் கையில் என்றேன். வெற்றிலையை மடித்துக்கொண்டு, "அப்ப சரி" என்றார். அவர் அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

வடிவு மதினியைச் சித்திரை வருஷப்பிறப்புக்கு இங்கே அனுப்பிவையுங்கள். நீங்களும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை
அன்னலட்சுமி


வெள்ளிமலை
1929 மார்ச் 31

அன்புள்ள தங்கைக்கு,

பதில் எழுதத் தாமதம். கொழுந்து பெருகும் காலம். மலையே பச்சையாகப் பொங்கி ஸ்டோருக்குள் வந்து விழுகிறது. எல்லாரும் சுகம், கடைசிக் குழந்தைக்கு மட்டும் சளி.

கடிகாரமும் சுகம். ஆனால் சீமையிலிருந்து வந்த பொருளுக்கு நம் மலைக்காற்று ஒத்துக்கொள்ளாது என்று துரை கண்டுபிடித்திருக்கிறார். ஆகவே தினமும் இரண்டு வேளை எண்ணெய் போட உத்தரவு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு தடவை, விடியற்காலையில் ஆட்கள் வருமுன் ஒரு தடவை. ஏணியில் ஏறி எண்ணெய் போடுவது என் பொறுப்பு. எண்ணெய் போடும்போது முள் கொஞ்சம் அசையத்தான் செய்யும். மத்தியானம் பின்னுக்கு அசைகிறது. விடியற்காலையில் முன்னுக்கு அசைகிறது. ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் அசைகிறது.

சலிக்கிற அறையில் காலை எட்டு மணிக்கு வேலை தொடங்கி, மாலை ஐந்து மணிக்குச் சட்டப்படி விடுகிறோம். விட்டதும் மதினியும் மற்றப் பெண்களும் அரிக்கேன் விளக்கை ஏற்றிக்கொண்டு லயத்துக்குப் போகிறார்கள்.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம்.

சிவஞானம்


பதுளை
1929 ஏப்ரல் 9

அண்ணனுக்கு வணக்கம்.

குழந்தையின் சளிக்குக் கற்பூரவள்ளிச் சாறு கொடுங்கள். இங்கே நாங்கள் நலம்.

பதுளையில் ஐந்து மணிக்கு வெயில் நேரே கடைக்குள் விழுகிறது. படுதா கட்டினால்தான் அவரால் கல்லாவில் உட்கார முடிகிறது. மடுல்சீமை என்ன அடுத்த ராஜ்ஜியமா, அங்கே மட்டும் ஐந்து மணிக்கு அரிக்கேன் விளக்கு ஏற்றுவதற்கு? உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அண்ணா, முள் தானாக அசைவதில்லை. உங்கள் கை அசைக்கிறது. அந்த ஒரு மணி நேரம் நம் மதினியுடையது.

மொஹிதீன் நானாவிடம் யாருடைய பெயரையும் சொல்லாமல் கேட்டேன். "கூலி வேணுமெண்டு வாய் தொறந்து கேக்கணும். கேட்டாத்தான் அது சட்டம், கேக்காட்டி வெறும் கடதாசி" என்றார். பெயர் சொல்லாததற்கு அவர் என்னைப் பாராட்டவில்லை. "அந்தச் சாவிக்காரர் சுகமா?" என்று மட்டும் கேட்டார்.

மதினி வந்ததும் இதை அவரிடம் சொல்லப்போகிறேன். உங்களுக்கு முன்கூட்டியே தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அன்னலட்சுமி


வெள்ளிமலை
1929 மே 5

அன்புள்ள தங்கைக்கு,

புது வருஷம் உங்கள் எல்லாருக்கும் நல்லதாக இருக்கட்டும். எங்களுக்கு அது பெரட்டுக் களத்தில் தொடங்கியது.

மதினி வரிசையை விட்டு முன்னால் வந்தார். "தொரைங்களே, மேல் நேரத்துக்குக் கூலி வேணுங்க."

"அஞ்சு மணிக்கு வேலை முடியுது. கடிகாரம் பாரு" என்றார் துரை.

"பாத்தேங்க. கடிகாரத்துல அஞ்சு, வெளியில இருட்டு. வேலையப் பாதியில விட்டுப் போறவங்களுக்கு அரைப்பேர்னு பாதிக் கூலி போடுவீங்களே, சூரியனுக்கும் போட்டாச்சுங்களா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். யார் சிரித்தது என்று விசாரித்து அறிய உத்தரவு. விசாரணை என் பொறுப்பு. இதுவரை நான் கேட்ட எல்லாரும் தாங்கள் அன்று இருமியதாகவே சொல்லியிருக்கிறார்கள். மாப்பிள்ளையின் இருமல் இவ்வளவு தூரம் பரவும் என்று நான் நினைக்கவில்லை.

துரை மதினியிடமிருந்து முகத்தைத் திருப்பினார். என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அப்போது அது சரியான நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

உன் கடிதத்தில் மற்ற விஷயமும் இருந்தது. அதைப்பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

சிவஞானம்


பதுளை
1929 மே 20

அண்ணனுக்கு,

நலம். நலத்தை அறிய ஆவல்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை மதினி பசறை வரை நடந்து, அங்கிருந்து பஸ் ஏறி வந்தார். புரொக்டர் ஐயாவின் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். மொஹிதீன் நானா மனுவை வாசித்துக் காட்டினார். மதினி கைநாட்டு வைத்தார்.

"ஒங்கட தோட்டத்துல வேற ஆரும் சேரல்லையா?" என்று நானா கேட்டார்.

"எல்லாரும் என் முதுகுக்குப் பின்னாலதான் நிக்கிறாங்க" என்றார் மதினி. "ரொம்பப் பின்னால."

மனு கோர்ட்டுக்குப் போகிறது. அரிக்கேன் விளக்கைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது, முள்ளைத் திருப்பியதைக் கண்ணால் கண்டவர் வேண்டும் என்று புரொக்டர் ஐயா சொன்னார். மதினி உங்கள் பெயரைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மொஹிதீன் நானா மைக்கூட்டை மூடிவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நீங்கள் பிறகு எழுதுவதாகச் சொன்னதற்குக் காத்திருக்கிறேன்.

அன்னலட்சுமி


வெள்ளிமலை
1929 ஜூன் 16

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே காற்று தொடங்கிவிட்டது. புஷ்பம் சேலைக்கு நன்றி சொல்லச் சொன்னாள்.

கோர்ட்டுக் கடிதம் வந்த அன்று துரை சாப்பிடவில்லை. மறுநாள் மதினிக்கு ஒரு மாத நோட்டீஸ் எழுதச் சொன்னார். நான்தான் எழுதினேன். வேலையும் லயத்து அறையும் போகும். ஆனால் துரையின் வக்கீல் நோட்டீஸை மேசைக்குள் வைக்கச் சொல்லிவிட்டார். வழக்கில் ஜெயித்த மறுநாள் கொடுத்தால் பார்க்க அழகாக இருக்குமாம்.

அந்த வக்கீல் ஒரு சத்தியக் கடதாசியும் தயாரித்தார். மாட்டிய நாள் முதல் ஸ்டோர் கடிகாரத்தின் முள்ளை யாரும் தொட்டதில்லை என்றும், தோட்டம் முழுவதற்கும் அந்த ஒரே நேரம்தான் என்றும் துரை அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். சாட்சியாக என் பெயரும் இருக்கிறது. அதற்கேற்ப பங்களாக் கடிகாரம், டீமேக்கரின் கடிகாரம், துரையின் பைக் கடிகாரம் எல்லாம் இனி ஸ்டோர் கடிகாரத்தைப் பார்த்துத்தான் ஓடவேண்டும். துரை தம் சத்தியத்தை நாளுக்கு நாள் அதிகமாக நம்பிவருகிறார். போன வாரம் ஏணியோடு என்னைப் பார்த்து, "எங்கே போறே?" என்று கேட்டார். எண்ணெய் போட என்றேன். "நல்லது, முள்ளைத் தொடாதே" என்றார். தொடாமல் இருக்கவா என்று கேட்டேன். கோபித்துக்கொண்டார்.

மதினியிடம் சொல்லி மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல். நீ சொன்னால் கேட்பார். எனக்கு மூன்று பிள்ளைகள்.

சிவஞானம்


பதுளை
1929 ஜூன் 25

அண்ணனுக்கு,

எல்லாரும் நலம்.

நான் சொல்லமாட்டேன். நீங்கள் எழுதியதை மட்டும் மதினிக்கு வாசித்துக் காட்டினேன். "எழுத்து அழகா இருக்கா?" என்று கேட்டார். நோட்டீஸைப் பற்றிக் கேட்கிறார் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. அழகாகத்தான் எழுதியிருப்பார் என்றேன். "அவரு சின்னதுலருந்தே அப்படித்தான்" என்றார்.

வழக்கில் தோற்றால் மதினி எங்கே போவார் என்று வீட்டுக்காரரும் நானும் பேசினோம். கடைக்குப் பின்னால் ஒரு அறை இருக்கிறது. இப்போது அதில் வெங்காய மூட்டைகள் அடுக்கியிருக்கின்றன. ஜன்னல் கிடையாது, ஆனால் ஒழுகாது. மதினிக்கு அது போதுமாம்.

ஒரே ஒரு கேள்வி. கூண்டில் ஏற்றி, முள்ளைத் தொட்டீரா என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? ஆம் அல்லது இல்லை என்று ஒரு வரி எழுதினால் போதும்.

அன்னலட்சுமி


பதுளை
1929 செப்டம்பர் 22

அண்ணனுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன கடிதத்துக்குப் பதில் இல்லை. அதற்குப் பின் போட்ட தபால் அட்டைக்கும் இல்லை. தபால் ஒழுங்காக வருகிறதா என்று புஷ்பம் மதினிக்குத் தனியாக எழுதிக் கேட்டேன். ஒழுங்காக வருகிறதாம்.

விசாரணை நவம்பர் இருபதாம் தேதி, காலை பத்து மணிக்கு. போன வாரம் மதினி வந்திருந்தார். உங்களைப் பார்த்தாரா என்று கேட்டேன். "தெனமும் பாக்குறேன். ஏணியோட வருவாரு. நான் வழி விடுவேன். அவரு என் மொகத்தப் பாக்கமாட்டாரு, ஏணியத்தான் பாப்பாரு. விழுந்துறக் கூடாதேன்னு நான் கீழயே நிப்பேன்" என்றார்.

இதற்காவது எழுதுங்கள்.

அன்னலட்சுமி


வெள்ளிமலை
1929 நவம்பர் 10

அன்புள்ள தங்கைக்கு,

மழை விடவில்லை. மூடுபனியில் எதிரே வருபவர் யார் என்று குரல் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறோம். மற்றபடி சுகம்.

இருபதாம் தேதி துரையின் காரில் நானும் வருகிறேன், துரையின் சாட்சியாக. காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால் நிதானமாகப் போய்ச் சேரலாம் என்று துரை கணக்குப் போட்டிருக்கிறார். எனக்குப் புதுக் கோட்டு ஒன்று தைத்துக் கொடுத்திருக்கிறார். தோள் பக்கம் கொஞ்சம் இறுக்கம். கையை உயர்த்திச் சத்தியம் செய்யும் அளவுக்குத் தூக்க முடிகிறதா என்று துரை பார்த்தார். முடிகிறது.

மதினி பஸ்ஸில் முதல் நாளே வந்துவிடட்டும். மழையில் பாதையை நம்ப முடியாது.

சிவஞானம்


பதுளை
1929 நவம்பர் 21

அண்ணனுக்கு,

நேற்று உங்களோடு பேச முடியாமல் போனது. துரை பக்கத்தில் இருந்தார். அதனால் எழுதுகிறேன்.

பத்து மணிக்குக் கோர்ட்டுச் சேவகன் துரையின் பெயரை மூன்று தடவை கூவினான். யாரும் இல்லை. பிறகு உங்கள் பெயரைக் கூவினான். துரையின் வக்கீல் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார். நீதவான் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மதினியைக் கூண்டில் ஏறச் சொன்னார்.

"கடிகாரம் அஞ்சு மணி காட்டும்போது அது அஞ்சு மணி இல்லையென்று உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"எனக்குக் கடிகாரம் பாக்கத் தெரியாதுங்க. விளக்குப் பத்தவைக்கத் தெரியும்" என்றார் மதினி.

எதிர்த்துச் சொல்ல எவரும் இல்லாததால், மேல் நேரக் கூலியைக் கொடுக்கும்படி தீர்ப்பாகிவிட்டது. நாங்கள் வெளியே வந்து நின்ற பிறகுதான் உங்கள் கார் சேறோடு வந்து நின்றது. துரை இறங்கிப் பைக் கடிகாரத்தைப் பார்த்து, "இன்னும் பத்து ஆகலே" என்றார். என் காதால் கேட்டேன். மொஹிதீன் நானா கோர்ட்டு மணிக்கூண்டைப் பார்த்தார், துரையைப் பார்த்தார், பிறகு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அவருக்கும் இருமல்.

நீங்கள் முகத்தில் எதையும் வைத்திருக்கவில்லை. மதினி உங்களைப் பார்த்து, "சாப்டீங்களா?" என்று கேட்டாரே, அதற்காவது பதில் சொல்லியிருக்கலாம்.

துரையின் கடிகாரம் எப்படித் தாமதித்தது? உங்களுக்கு முன்பே தெரியுமா?

அன்னலட்சுமி


வெள்ளிமலை
1929 டிசம்பர் 8

அன்புள்ள தங்கைக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். குழந்தைக்குச் சளி விட்டுவிட்டது.

நீ கேட்டதற்கு எழுதுகிறேன். பத்தொன்பதாம் தேதி மாலை துரை ஸ்டோருக்கு வந்தார். அந்த நேரத்தில் அவர் வருவது வழக்கமில்லை. மறுநாள் கோர்ட்டில் கேட்டால் பொய் சொல்ல நேரக்கூடாது என்று, ஸ்டோர் கடிகாரத்தைப் பார்த்து எல்லார் முன்னிலையிலும் தம் பைக் கடிகாரத்தைத் திருப்பி வைத்தார். பங்களாக் கடிகாரத்தையும் அப்படியே வைக்கச் சொல்லி ஆள் அனுப்பினார். மத்தியான எண்ணெய் ஏற்கெனவே போட்டாகிவிட்டது. நான் ஏணிக்குப் பக்கத்தில் நின்றேன்.

விடியற்காலை எண்ணெயையும் வழக்கம்போலப் போட்டேன். அதற்குப் பிறகு ஸ்டோர் கடிகாரம் சரியாக இருந்தது. பங்களாவிலிருந்து பார்த்தால் மூடுபனியில் அது தெரியாது. துரையின் கடிகாரப்படி கார் ஏழு மணிக்குப் புறப்பட்டபோது எட்டு மணி.

திரும்பி வரும் வழியில் பசறை தாண்டியதும் துரை காரை நிறுத்தச் சொன்னார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியுங்க."

"ஏன் சொல்லலே?"

"தோட்டத்துக்கு ஒரே நேரந்தான்னு தொரை உத்தரவுங்க."

துரை மறுபடி காரை எடுக்கச் சொன்னார்.

வழக்கைத் திரும்ப எடுக்கச் சொல்லி மனுப்போடலாம் என்று துரையின் வக்கீல் சொன்னாராம். தாமதமாக வந்ததற்குக் காரணத்தைச் சத்தியம் செய்து எழுதவேண்டும். கடிகாரம் ஒரு மணி நேரம் பிந்தியது என்று எழுதினால், முந்திய சத்தியக் கடதாசியும் அதே கோப்பில்தான் இருக்கிறது. கார் பழுது என்று எழுதலாமே என்று வக்கீல் கேட்டிருக்கிறார். இறங்கும்போது துரை சொன்னதைக் கோர்ட்டு வாசலில் பலரும் கேட்டிருந்தார்கள். மனுப் போடவில்லை.

மதினிக்குக் கூலியைப் போன வாரம் கொடுத்தார்கள். மேசைக்குள் இருந்த நோட்டீஸை எடுத்துக் கிழிக்கும்படி வக்கீல் எழுதிவிட்டார், தோற்ற பிறகு கொடுத்தால் பார்க்க அழகாக இருக்காதாம். மதினி அதே அறையில் இருக்கிறார். சலிக்கிற அறைப் பெண்கள் எட்டுப் பேர் என்னிடம் வந்து மொஹிதீன் நானாவின் விலாசம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். ஸ்டோர் கடிகாரத்தைக் கழற்றிவிட்டார்கள். ஆணி இருக்கிறது. இப்போது வெளிச்சத்திலேயே வேலை விடுகிறது.

மாப்பிள்ளைக்கு என் வணக்கத்தைச் சொல். மதினி உனக்கு ஒரு பொட்டலம் நல்ல தூள் கொடுத்தனுப்புகிறார், நானே கொண்டுவருகிறேன்.

கடைக்குப் பின்னால் உள்ள அறையில் வெங்காய மூட்டைகள் இருப்பதாக எழுதியிருந்தாய். வெள்ளிக்கிழமைக்குள் அவற்றை வேறு இடத்தில் எடுத்துவைக்கவும். நாங்கள் ஐந்து பேர்.

உன் அண்ணன்
சிவஞானம்